துலுக்காத கெடா

அத மட்டும் விட்டுருங்க சார். ஊசி போடுங்க, ஊசிக்கு நான் தடை சொல்லல. மருந்துத் தண்ணி மட்டும் அது மேல அடிக்க வேண்டாம். மத்த முப்பத்தொண்ணுக்கும் நல்லா நனைய நனைய அடிங்க, உண்ணி மொய்க்குது, நானே ஒவ்வொண்ணா புடிச்சுத் தாரேன். அந்தா வேலியோரமா ஒத்தையில நிக்குது பாருங்க, ரெண்டு காதும் சுண்ணாம்பு தடவுன மாதிரி வெள்ளையா. அந்தக் கெடா மேல மட்டும் ஒரு சொட்டு ஈரம் படக் கூடாது.

நோயெல்லாம் இல்ல சார். நல்லாத் திங்குது, அசை போடுது, புழுக்கையும் சுத்தமா இருக்கு. மந்தை சேக்க மாட்டேங்குது, அவ்வளவுதான். பங்குனியில கொண்டாந்து விட்டேன், ரெண்டு மாசமாச்சு. இது போயிப் படுத்தா அந்த எடத்தைச் சுத்தி வட்டமா காலியாயிருது. தொட்டியில இது வாய் வச்சுட்டா மத்தது அன்னைக்குப் பூராம் தண்ணி குடிக்காது. கருவாச்சின்னு ஒரு கெழட்டு ஆடு நிக்குதுல்ல, கொம்பு ஒடிஞ்சது, அதுதான் மந்தைக்கு முன்னாடு. அது ஒண்ணுதான் பக்கத்துல போயி மோந்து பாக்கும். மோந்து பாத்துட்டு எம் பக்கம் திரும்பிப் பாக்கும். அதுதான் எனக்குப் புடிக்கல.

குளிப்பாட்டி விட்டா வாடை போயிரும், சேந்துக்கிரும்னு சொல்றீங்க. சரியாத்தான் சொல்றீங்க. எனக்கும் தெரியும் சார், நாப்பது வருசமா ஆட்டுக்குப் பின்னாலதான நடக்குறேன். ஆட்டுக்கு அடையாளம் கண்ணுல கெடையாது, மூக்குலதான். காலையில சந்தைக்குப் போயி வெலை படியாமச் சாயங்காலம் திரும்புன ஆட்டையே நீ யாருன்னு முட்டும். அதுக்கு ஒரு முறை இருக்கு. மொதல்ல குளிப்பாட்டணும். அடுத்தது, பட்டிக்குள்ள பொலிகெடா மூத்திரம் பேஞ்ச மண்ணை அள்ளி நெஞ்சுலயும் வாலடியிலயும் தேச்சு விடணும். மூணு நாள் வேலிக்கு அங்கிட்டுக் கட்டிப்போடணும். நாலாம் நாள் எல்லாத்தையும் பசியோட வச்சிருந்து, கருவ நெத்தை அள்ளிக் கொட்டி, அதுக குனிஞ்சு திங்கிற நேரம் பாத்துப் பைய உள்ள விட்டுரணும். தின்னுட்டு நிமிந்து பாக்கையில, பக்கத்துல நிக்கிறது புதுசா பழசான்னு அதுகளுக்கு நெனப்பு இருக்காது. இப்படி நான் எத்தனை ஆட்டைச் சேத்துருக்கேன் தெரியுமா?

இதுக்கும் எல்லாம் செஞ்சேன். மொத வேலைய மட்டும் செய்யல. செய்ய முடியாது.

இருங்க, மோரு வருது. குடிச்சுட்டு ஆரம்பிங்க. வெயில்ல என்ன அவசரம்.

அந்தா வேலிக்கு அந்தப் பக்கம், வேம்புக்குக் கீழ நாற்காலியில ஒருத்தன் உக்காந்திருக்கான்ல, அவன் என் தம்பி. கூரிச்சாமி. நீங்க கும்பிட்டா பதிலுக்கு எடது கையத் தூக்குவான். வாய் வராது. போன ஆடியில விழுந்தான், சோத்தாங்கைப் பக்கம் பூராம் போச்சு, பேச்சும் போச்சு. புத்தி மட்டும் தெளிவு. காலையில அவன் பொண்டாட்டி சிவனம்மா கொண்டாந்து உக்கார வச்சா, பொழுது சாய வரைக்கும் இங்கிட்டே பாத்துக்கிட்டு இருப்பான். நாற்காலிய அங்கிட்டுத் திருப்பிப் போடும்மான்னு அதுகிட்ட ரெண்டு தடவை சொன்னேன். திருப்பிப் போட்டா அழுகுறாராம்.

அவனுக்காக நேந்த கெடா சார் அது.

அவன் விழுந்த மறு செவ்வாய்க்கிழமையே மஞ்சத்துணி கட்டி, எல்லையில இருக்க இருளப்பசாமிக்குன்னு அவுத்து விட்டேன். ஊரே பாத்துச்சு. சொந்த வீட்டுக் கல்யாணத்துக்கு ஆடு வெட்ட யோசிக்கிறவன், தம்பிக்குன்னதும் பாரு, அண்ணன்னா இவன் அண்ணன்னு சொன்னாக. நான் கேட்டுச் சொல்லல சார், அவுகளாச் சொன்னாக. சொல்றவுக வாயை நான் மூடவா முடியும்?

எட்டு மாசம் சாமி கெடாவாத் திரிஞ்சுச்சு. யாரு வெள்ளாமையில மேஞ்சாலும் ஒரு பய கம்பை ஓங்க மாட்டான். டீக்கடையில போயி நின்னா வடை கெடைக்கும். கல்யாண வீட்டுல எலையில போட்டே கொடுத்திருக்காக. கழுத்து தொங்கக் கொழுத்துப்போச்சு. ராசா மாதிரித் திரிஞ்சது, பொழுதானா எங்க வந்து படுக்கும்னு நெனக்கிறீங்க? நம்ம பட்டிக்கு வராது. கோயிலுக்கும் போகாது. தம்பி வீட்டு வாசல்லதான் படுக்கும்.

பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள் காலையில வெட்டுன்னு குறிச்சாக. உங்க ஊரு எதுன்னு தெரியல, எங்க பக்கம் சும்மா வெட்டிர முடியாது. மஞ்சத் தண்ணிய ஊத்துவாக. தலையில இருந்து வால் வரைக்கும் ஆடு ஒரு உதறு உதறணும். அதுக்குப் பேரு துலுக்கு. துலுக்குனா சாமி வாங்கிக்கிருச்சுன்னு அர்த்தம். துலுக்காம அருவாளைத் தொட்டா தொட்டவன் வீடு வெளங்காது.

பூசாரி சொன்னாரு, என்ன நேத்தி, வாய்விட்டுச் சொல்லப்பான்னு. நான் கும்பிட்டுச் சொன்னேன், "எந் தம்பி கூரிச்சாமி நல்லாகணும்னு நேந்தேன் சாமி, ஏத்துக்க." மொதக் கொடத்தை ஊத்துனாரு. நனைஞ்ச சாக்கு மாதிரி நிக்குது. காது கூட ஆடல.

சரி, வீட்டுப் பொம்பளை ஊத்தட்டும்னு எம் பொண்டாட்டி ஊத்துனா. ஒண்ணுமில்ல. அப்புறம் சிவனம்மா ஊத்துனா. அதுக்கும் ஒண்ணுமில்ல. மூக்குல இருந்து தண்ணி சொட்டுது, என்னையவே பாக்குது. பெரியாளுக சொன்னாக, மனசுல கொறை வச்சிருந்தா இப்பச் சொல்லிருங்கப்பா, சாமி எதுக்கோ மொறைக்குதுன்னு. எல்லாரும் சிவனம்மாவைப் பாத்தாக. ஏன்னு தெரியல, பொம்பளைன்னா பாக்குறதுதான. அது ஈரத் தரையில விழுந்து, நான் அறியாம ஏதும் பேசியிருந்தா மன்னிச்சுரு சாமி, எம் புருசனைத் தண்டிக்காதன்னு கும்பிட்டுச்சு. பாவம். அதுகிட்ட ஒரு கொறையும் கெடையாது சார், தங்கமான பிள்ளை.

நானா? நான் பக்கத்துல நின்னேன். நான் என்ன சொல்றதுக்கு இருக்கு?

கடைசியாத் தம்பியவே நாற்காலியோட தூக்கிட்டு வந்தாக. எடது கையில சொம்பைப் பிடிச்சு ஊத்துனான், பாதி கீழ போச்சு. கெடா கிட்டப் போயி அவன் கைய நக்குச்சு. நக்கிட்டு அவன் மடியில தாடையை வச்சுக்கிருச்சு. துலுக்கல.

மத்தியானம் வரைக்கும் பாத்துட்டுப் பூசாரி சொன்னாரு, "சாமி வேண்டாம்னு சொல்லல. இந்தச் சொல்லுக்கு வாங்கலன்னுதான் சொல்லுது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. என்னைக்கு, எந்தச் சொல்லைக் கேட்டுத் துலுக்குதோ, அதுதான் நீ நேந்த சொல்லு. அன்னைக்குக் கொண்டா."

இப்பத் தெரியுதா சார், தண்ணி ஏன் படக் கூடாதுன்னு? குளிப்பாட்டுறேன்னு வைங்க. அந்த நேரம் பாத்து எவனாவது எதையாவது பேசிக்கிட்டுப் போவான். எவளாவது யாரையாவது வைவா. அதக் கேட்டு இது துலுக்கிருச்சுன்னா? எந்த வார்த்தைன்னு யாருக்குத் தெரியும்? அதுக்காகத்தான் சொல்றேன், வேற ஒண்ணுமில்ல. தகரம் கூட வாங்கிப் போட்டுட்டேன், கோடை மழை பேஞ்சிரும்னு. இதுக்கு மேலதான் தகரம், மத்ததெல்லாம் வானத்தைப் பாத்துத்தான் கெடக்குது.

எம் பொண்டாட்டி ஒரு ரோசனை சொன்னா. இதோட தாயைக் கொண்டாந்து ஒரு வாரம் கூட விட்டா, தாய் பின்னால ஒட்டிக்கிட்டு மந்தைக்குள்ள போயிரும்னு. நல்ல ரோசனைதான். ஆனா செவலையை எப்படி இங்க கொண்டார்றது? அது எங்க மாமனார் ஊர்ல நிக்குது... நின்னுச்சு. முன்னால நின்னுச்சு. செவலை செத்துப்போச்சு சார். போன வருசம் தையிலயே செத்துப்போச்சு.

கணக்கு ஒதைக்குதுங்கிறீங்களா? இது மாசியில பிறந்த குட்டின்னு நான் எப்பச் சொன்னேன்? ஓ, பல்லைப் பாத்துட்டீங்க. உங்க ஆளுக பல்லைப் பாத்தே வயசைச் சொல்லிருவீக, மறந்துட்டேன்.

சரி, சொல்றேன். நீங்க வெளியூரு. நாளைக்கு வேற ஊருக்கு ஊசி போடப் போயிருவீக. இந்த ஊர்ல ஒருத்தன்கிட்ட இதச் சொல்ல முடியுமா?

எங்கப்பா செத்ததும் மந்தையை ரெண்டாப் பிரிக்கணும்னு பேச்சு வந்துச்சு. அந்த மந்தையை வளத்தது யாரு? நான். தம்பி என்ன செஞ்சான்? கூப்பிடுவான். சத்தியமா அது ஒண்ணுதான் அவனுக்குத் தெரிஞ்ச வேலை. வாயில கையக் குவிச்சு, "ஓஓ... ப்பா... ப்பா"ன்னு ஒரு சத்தம் கொடுப்பான். கண்மாய்க்கு அந்தக் கரையில மேஞ்சாலும் எங்க வீட்டு ஆடு ஒவ்வொண்ணும் தலையத் தூக்கும். நூறு ஆட்டுக்குள்ள கலந்து கெடந்தாலும் நம்மளது மட்டும் பிரிஞ்சு வரும். நானும் அதே மாதிரித்தான் கூப்பிடுறேன், ஒண்ணும் திரும்பாது. எங்கப்பா அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. எத்தனை வருசம் சிரிச்சாரு தெரியுமா?

பிரிக்கிறதுக்கு முன்னால தையில ஒரு கழிச்சல் வந்துச்சு. அதுல ஆறு சினையாடு செத்துருச்சு. செத்துருச்சுன்னு சொன்னேன். ரெண்டு நெசமாவே செத்துச்சு சார். மிச்சம் நாலை மாமனார் ஊர்ல கொண்டு விட்டேன். ரெண்டா... சரி, ஒண்ணு செத்துச்சு. கழிச்சல் வந்தது நெசம்.

மாசியில அங்க செவலை இதப் போட்டுச்சு. பால்குடி மறந்ததும் கொண்டாந்து நம்ம பட்டியில விட்டேன், மாமனார் கொடுத்த குட்டின்னு. அன்னைக்கு இந்த மந்தை எப்படிச் சேத்துக்கிச்சு தெரியுமா? குளிப்பாட்டல, மண்ணு தேய்க்கல, ஒண்ணும் செய்யல. எறக்கி விட்டதும் கருவாச்சி வந்து மோந்துச்சு, நக்குச்சு, கூட்டிட்டுப் போயிருச்சு. அதுக்கு அது பேரக்குட்டி சார். செவலையே கருவாச்சி போட்டதுதான. நாந்தான் அத யோசிக்கல.

தம்பி பாத்தான். அவன் கண்ணு குட்டியோட காதுக்குப் போச்சு. இந்த வெள்ளைக்காது செவலைக்கு மட்டும்தான் உண்டு. என்கிட்டத் தனியாக் கேட்டிருக்கலாம்ல? கேக்கல. ஆனி மாசக் கடைசியில, டீக்கடையில இருபது பேரு இருக்கையில, கிளாசைக் கீழ வச்சுட்டுக் கேட்டான், "ஏண்ணே, செத்த ஆடு எப்படிண்ணே குட்டி போடும்?"

அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. எங்கப்பா சிரிச்ச மாதிரியே சிரிச்சாக.

அதோட விட்டானா? வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்துல சொல்றேன், கூட்டத்தோட உங்க மாமனார் ஊருக்கே போவோம், அங்க மந்தையில நின்னு ஒரே ஒரு தடவை கூப்பிடுறேன், எந்த ஆடு வருதோ அது எங்கப்பன் ஆடுன்னான். அவன் கூப்பிட்டா வரும் சார். அத்தனையும் வரும். எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதுல நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். அவன் சாகணும்னு நான் நெனச்சதே இல்ல. அதச் சொன்னா எந் நாக்கு அழுகிப்போகும். கை காலு போகணும்னும் சொல்லல. அவன் கையி போனதுக்கு நான் எப்படிப் பொறுப்பு? வியாழக்கிழமை காலையில ஆட்டைத் தெறந்துவிட்டுட்டு, கூப்பிடுறதுக்கு வாயில கையக் குவிச்சிருக்கான். அப்படியே மடங்கி விழுந்தான். ஆசுபத்திரியில ரத்தக்கொதிப்புன்னாக. ரத்தக்கொதிப்பு யாருக்குத்தான் வரல?

வெள்ளிக்கிழமை கூட்டம் நடக்கல. யாரு பேசுறது?

சாமி செஞ்சிருச்சு, நாம சொன்னதைக் கொடுக்கணும்ல. அதான் கெடாவை அவுத்து விட்டேன். இந்தக் கெடாதான்னு சாமிக்குச் சொல்லியிருந்தேன், இது வீட்டுல நின்னா பாக்குறவுக கண்ணுல காதுதான படும். இதுல என்ன தப்பு? நேந்தது நேந்ததுதான. ஊர்ல தம்பிக்குக் கொணமாகன்னு அவுகளாப் பேசிக்கிட்டாக, நானும் போகப்போக அதத்தான் கும்பிட்டேன். சத்தியமாக் கும்பிட்டேன் சார். இந்தா இப்பக்கூட அவன் எந்திரிச்சு நடந்தா எனக்குச் சந்தோசம்தான். நடந்தாப் போதும்.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீக. தெனம் உச்சிக்கு இந்தக் கெடா தலையத் தூக்கி ஒரு பதில் கொடுக்குது. சும்மா கத்துறது வேற, கூப்பிட்டதுக்குப் பதில் கொடுக்குறது வேற. எனக்கு ரெண்டும் தெரியும். யாரும் கூப்பிடல, ஆனா பதில் சொல்லுது. நான் அங்கிட்டுப் பாப்பேன். தம்பி ஒதட்டைக் கூட்டிக்கிட்டு இருப்பான். ப்... ப்... அவ்வளவுதான், காத்துதான் வரும். சிவனம்மா தண்ணி கேக்குறாருன்னு ஓடி வரும். தண்ணி கேக்கல அவன். எனக்குத் தெரியும், கெடாவுக்குத் தெரியும். கொஞ்ச நாளா மத்ததும் காதைத் தூக்குது.

என்ன வார்த்தை சொன்னேன்னு கேக்குறீங்க. சாதாரண வார்த்தை சார். ஊர்ல எல்லாரும் சண்டையில சொல்றதுதான். பேச்சு நிக்கணும், வம்பு ஓயணும்னு அர்த்தம். சாமிக்கு அது தெரியாதா? மனுசன் கோவத்துல ஒண்ணு சொன்னா அத அப்படியேவா எடுத்துக்கிறது? வேற ஒண்ணும் சொல்லல. கெடாவைக் கையில பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன், "இருளப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள எந் தம்பி வாயை அடச்சு விடு. இந்தக் கெடா ஒனக்கு." இம்புட்டுத்தான்.

என்ன சார்? எங்கிட்டுப் பாக்குறீக?

ஈ. அது ஈ கடிச்சது சார். இந்த வெயிலுக்கு ஈ கடிச்சா ஆடு ஒடம்பை ஒதறும். தலையில இருந்து வால் வரைக்கும்லாம் இல்ல, சும்மா முதுகுதான். நான் பாத்தேன், முதுகுதான். தண்ணி படலையே. நீங்களே சாட்சி, ஒரு சொட்டுத் தண்ணி அது மேல படல. ஈரமில்லாமத் துலுக்குனா கணக்கு இல்ல. பூசாரி அதச் சொல்லல, ஆனா மொறை அதான். இருங்க, மருந்தைக் கலக்கிட்டீங்கள்ல? அடிங்க. எல்லாத்துக்கும் அடிங்க, அதுக்கும் சேத்து அடிங்க. மொதல்ல அதுக்கு அடிங்க. மருந்து பட்டுத்தான் ஒதறுச்சுன்னு இருக்கட்டும்.

அந்தா, கருவாச்சி போகுது. பாருங்க, மோந்துச்சு, நக்குது. மத்ததும் போகுது பாருங்க சார், எல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்குது. சேத்துக்கிருச்சு. ரெண்டு மாசமா நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சேத்துக்கிருச்சு சார்.

ஏய், அங்கிட்டு எங்க போறீக? இங்கிட்டு வாங்க. பட்டி இங்கிட்டு இருக்கு. ஓஓ... ப்பா... ப்பா... இந்தா, ப்பா... ப்பா...

ஒண்ணு திரும்புதா பாருங்க. அம்புட்டும் போயி வேலியில தலைய வச்சுக்கிட்டு அவனைப் பாத்து நிக்குது.

நீங்க அங்கிட்டுப் பாக்காதீக. அவன் பாத்துட்டான். நாற்காலியில நிமிந்து உக்காந்திருக்கான் பாருங்க, அது துலுக்குனதைப் பாத்துட்டான். பாத்தாப் பாக்கட்டும். நீங்க மருந்தை அடிங்க சார். அவன் யார்கிட்டச் சொல்லப்போறான்?